டிக்கெட் பாகீச்சா

போர்ட் பிளேரில் வளர்ந்த நம் வயதுக்காரர்கள் யாரிடமாவது ‘டிக்கெட் பாகீச்சா’ என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் அது பழைய சினிமாக் கொட்டகை என்பார்கள். மீதிப் பேர் கப்பல் டிக்கெட் கொடுக்கிற ஆபீஸ் என்பார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் பத்து வயது வரைக்கும் அதே லட்சணம்தான். ஆபர்டீன் பஜாரில் எங்கள் அப்பாவின் மளிகைக் கடைக்குக் கொஞ்சம் தள்ளி, துணிக்கடைக்கும் சைக்கிள் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒரு சந்து இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஓர் ஆள் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் நுழைய முடியும். இரண்டு பக்கமும் தகரச் சுவர். வெயில் நேரத்தில் தோள் பட்டால் சுட்டுவிடும். அந்தச் சந்தின் கோடியில் இருந்தது அது. உங்களில் பல பேர் அந்தச் சந்தில் அவசரத்துக்கு ஒதுங்கியிருப்பீர்கள், உள்ளே போயிருக்க மாட்டீர்கள்.

நான் போயிருக்கிறேன். அங்கே ஒரு மரம் எங்களுடையது. இதைச் சொல்லும்போது என் முதுகு தானாக நிமிர்கிறது, டாக்டர் சொல்லியே நிமிராத முதுகு.

பாகீச்சா என்றால் தோட்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெயின்லேண்டில் வளர்ந்த உங்கள் மருமகள்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். ஒரு நாள் அப்பாவிடம், “அந்த பாகீச்சாவுக்குள்ள என்னப்பா இருக்கு?” என்று கேட்டேன். “டிக்கெட் வாங்கினாத்தான் உள்ள விடுவான். நமக்கெதுக்கு அதெல்லாம்?” என்றார். வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பூட்டு வேண்டுமா? பஜாரில் புதிதாகக் குடியேறிய தமிழர்கள் எல்லாரும் இதையேதான் நம்பினார்கள். எந்த ஜன்னலில் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. நம் ஜனங்களுக்குக் காசு கேட்கிற இடம் என்று சொல்லிவிட்டால் போதும், அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மா பேசுவது தமிழ்தான். ஆனால் “சாப்பிட்டு எடு”, “குளிச்சு எடு” என்பாள். இந்தியில் ‘கா லோ’, ‘நஹா லோ’ என்று மனசுக்குள் நினைத்து, ‘லோ’வை ‘எடு’ ஆக்கித் தமிழில் இறக்குவாள். திட்டு முழுக்க இந்தி. தும்மினால்கூட அது இந்தித் தும்மல் என்று அக்கா கேலி செய்வாள். இதற்கு அப்பா ஒரு விளக்கம் வைத்திருந்தார். அம்மாவின் அப்பா வடக்கே ரயில்வேயில் இருந்தவர், அம்மா அங்கேயே வளர்ந்தவள், பெற்றவர்கள் இப்போது இல்லை. ராமநாதபுரம் பக்கம் இருந்த பெரியப்பாவுக்கும் இதே விளக்கம்தான் போயிருந்தது. எங்களுக்கு அதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை. அதோடு, அந்தமானில் ஒருத்தரைப் பார்த்து நீ எப்படி இங்கே வந்தாய், உன் தகப்பன் யார் என்று துருவிக் கேட்பது மரியாதைக் குறைவு. நம் ஊரில் இருந்த ஒரே ஆசாரம் அதுதான்.

அம்மா அவ்வப்போது மத்தியானத்தில் எங்கேயோ போய்விட்டு முந்தானையில் நார்த்தங்காயும் கறிவேப்பிலையும் முடிந்துகொண்டு வருவாள். எங்கேயிருந்து என்று கேட்டால் “கிடைச்சுது” என்பாள். வெங்காயம்கூடக் கப்பல் வந்தால்தான் பார்க்க முடிகிற ஊரில் இது எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்டதில்லை. ஊறுகாய் ஜாடி நிறைந்தால் சரி. பழுப்பும் வெள்ளையுமான அந்தப் பீங்கான் ஜாடி, வாயில் கட்டிய மல்துணி, திறந்தால் பல் கூசுகிற புளிப்பு வாசனை. எத்தனையோ வீடு மாறியதில் அந்த ஜாடி எங்கே போனது என்று தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில், அக்காவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை பொதுப்பணித் துறையில் ஓவர்சியர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் கடைக்கு சோப்பு வாங்க வருவார். ஒரு தனி ஆள் அவ்வளவு சோப்புத் தேய்த்தால் உடம்பில் தோல் மிஞ்சாது. அக்கா கல்லாவில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் அவருக்குச் சோப்பு தீரும் என்பதை அப்பா கண்டுபிடித்தபோது, சண்டை போடாமல் விசாரித்தார். ஒரே ஜாதி, நல்ல வேலை, கெட்ட பழக்கம் இல்லை. ஓவர்சியரின் அம்மா பெண் பார்க்கக் கப்பலேறி வருவதாக முடிவானது. அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அந்தக் கப்பல் வருகிற வரைக்கும் அவள் ஜடை பின்னிப் பின்னி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா தாமிரபரணிக் கரையில் நிலம் வைத்திருந்தவர். புருஷன் போன பிறகு தானே வரப்பில் நின்று நடவு பார்த்தவர். ஆனால் வயலில் நிற்பதும் கப்பலில் நிற்பதும் ஒன்றா? ஹேடோ ஜெட்டியில் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோது முகம் வெளுத்து, கண் செருகி, பேச்சே இல்லை. ஓவர்சியர் இருந்தது பிரம்மச்சாரிகள் குவார்ட்டர்ஸ். லாட்ஜ் என்று ஒன்றும் அப்போது கிடையாது. பெண் வீட்டிலேயே மாப்பிள்ளையின் அம்மாவைத் தங்க வைப்பது எந்த ஊர் வழக்கத்திலும் இல்லை என்றாலும், எங்கள் வீட்டு மாடி அறையைத்தான் ஒழித்துக் கொடுத்தோம். பலகைத் தளம். மேலே அவர் புரண்டு படுத்தால் கீழே எங்களுக்குக் கேட்கும்.

எது கொடுத்தாலும் வயிற்றில் தங்கவில்லை. அம்மா கஞ்சி காய்ச்சி, ஓரத்தில் ஒரு துண்டு நார்த்தங்காய் வைத்துக் கொடுத்தாள். அந்த அம்மா நக்கிப் பார்த்தார். அப்புறம் கடித்தார். அப்புறம் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டார். வந்து இறங்கிய பிறகு அவர் குரலை நாங்கள் ஒழுங்காகக் கேட்டது அப்போதுதான்.

“இது நம்மூரு நார்த்தங்கால்லா! எங்க வாங்குதீய?”

அப்பா முந்திக்கொண்டார். “மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல வரும்ங்க.”

“கப்பல்ல வந்த காயிக்கு இப்படித் தோலு மணக்காது. இது மரத்துலருந்து கையால பறிச்ச காயி. மரம் எங்க இருக்கு?”

அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். “இங்கதான் அக்கா, பஜார் பின்னாடி. டிக்கெட் பாகீச்சாவுல. நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.”

அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், “உனக்கென்ன கிறுக்கா? பொண்ணு வாழ்க்கை இது. இந்தம்மா வாயிலேர்ந்து அண்ணன் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அம்மா, “மரத்தைத்தானே காட்டப் போறேன்” என்றாள். ஒரு மரத்தைக் காட்டினால் அக்காவின் கல்யாணம் எப்படி நின்றுபோகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் நின்றுபோகும் என்பது மட்டும் அப்பாவின் குரலில் தெரிந்தது.

மறுநாள் போனோம். அம்மா, ஓவர்சியரின் அம்மா, அக்கா, நான். அப்பா பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தார். அந்த அம்மா கொஞ்சம் வாட்டசாட்டம். சந்துக்குள் ஒரு தோளை முன்னே விட்டு, “எந்தப் பாவி இதை வழின்னு விட்டான்?” என்று திட்டிக்கொண்டே நகர்ந்தார். கோடியில் ஒரு பழைய மரக்கதவு. இரும்புப் பட்டை துருப்பிடித்துச் சிவந்து கிடந்தது. அங்கே நின்று இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார்.

“டிக்கெட்டு எவ்வளவு? எல்லாத்துக்கும் நான்தான் எடுப்பேன். யாரும் குறுக்க பேசப்படாது.”

உள்ளேயிருந்து கதவைத் திறந்தவள் அம்மா வயதுப் பெண். சேலையைத் தூக்கிச் செருகி, கையில் வாளி. அவளை அம்மா மௌசி என்று சொல்லச் சொன்னாள், இந்தியில் சித்தி. சுருக்குப்பையைப் பார்த்துவிட்டு மௌசி சிரித்த சிரிப்பில் வாளித் தண்ணீர் தளும்பியது. “அரே, டிக்கெட் தோ ஹம் லோக் ஹை!” என்றாள். அட, டிக்கெட்டே நாங்கதானே என்று அர்த்தம். எனக்கு வார்த்தை புரிந்தது, விஷயம் புரியவில்லை.

நம் ஊர் நடு பஜாரில் அப்படி ஓர் இடம் இருந்தது என்று இப்போது சொன்னால் உங்கள் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நாலு பக்கமும் கடைகளின் பின்சுவர். நடுவே செங்கல் பாவிய நடைபாதை, மேலே பச்சைப் பாசி. உருண்டைக் கல் கட்டிய கிணறு. பலா, புளி, வில்வம், மருதாணிப் புதர், தலைக்கு மேல் கூரை போட்ட மாதிரி ஒரு கொடுக்காப்புளி. சைக்கிள் கடைக்காரர் சுத்தியல் அடிப்பதும் மீன்காரி கூவுவதும் கேட்டது, ஆனால் யாரோ கதவைச் சாத்திவிட்டுக் கூவுவது போல. மழை விட்ட மண் வாசனையும் நார்த்தைப் பூ வாசனையும் ஒன்றாக வந்தது. இப்போது அந்த இடத்தில் கடை வளாகம் இருக்கிறது, செல்போன் உறை விற்கிறார்கள். அதற்காக நான் மூக்கைச் சிந்தப் போவதில்லை. இருந்தபோது பார்த்தவள் நான். அது போதும்.

மௌசி கிணற்றடியிலிருந்து, இந்த வருஷம் மதராசி நன்றாகக் காய்த்திருக்கிறது, நிறைய முள்ளும் வைத்திருக்கிறது என்று இந்தியில் சொன்னாள். ஓவர்சியரின் அம்மாவுக்கு ‘மதராசி’ மட்டும் காதில் விழுந்தது.

“என்னைப் பத்தி என்ன சொல்லுதா அவ?”

அம்மா சிரித்துவிட்டாள். “உங்களை இல்ல அக்கா. மரத்துக்குப் பேர் மதராசி. நட்ட ஆள் எந்த ஊரோ அதுதான் இங்க மரத்துக்குப் பேர். அந்தப் பலா பர்மா. அந்த வில்வம் மராட்டா.”

“யாரு நட்டது? வெள்ளைக்காரனா?”

“டிக்கெட்காரங்க.” அம்மா ஒரு நிமிஷம் அப்பாவைப் பார்த்தாள். “கைதிங்க அக்கா. கப்பல்ல கொண்டுவந்து போட்டாங்க இல்ல, அவங்க. பல வருஷம் சங்கிலியோட வேலை செஞ்சு, ஒரு தப்புத் தண்டா இல்லாம இருந்தா, சர்க்கார் ஒரு டிக்கெட் கொடுக்கும். அப்புறம் தனியா இருக்கலாம், பயிர் வைக்கலாம், கல்யாணம் பண்ணலாம். ஊருக்கு மட்டும் போக முடியாது. அந்த டிக்கெட் வாங்கினவங்க சேர்ந்து வச்ச பாகீச்சா இது.”

அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். கண் நார்த்தை மரத்தின் மேலேயே இருந்தது. “அப்போ இதை நட்டவன் நம்ம பக்கத்துக் கைதியா?”

“என் தாத்தா” என்றாள் அம்மா.

அக்கா என் கையைப் பிடித்தாள். அப்பா இரண்டே எட்டில் முன்னால் வந்தார். “தியாகிங்க! சுதந்திரப் போராட்டத் தியாகி! வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்கு வந்தவரு. சொல்லிக்கிறது இல்ல, அவ்வளவுதான்.”

அந்த அம்மாவின் முகம் அப்படியே விளக்குப் போட்ட மாதிரி மாறியது. “அட, அப்படிச் சொல்லுங்க! தியாகி குடும்பமா! இதைப் போயி யாரும் மறைப்பாகளா?”

நண்பர்களே, அந்த இடத்தில் அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். கல்யாணம் முடிந்த மாதிரி. பெரியப்பாகூட நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊரெல்லாம் சொல்லியிருப்பார். அப்பா அம்மாவை அப்படிப் பார்த்தார், கெஞ்சுவது போல.

“இல்ல அக்கா” என்றாள் அம்மா. “இவர் பயத்துல சொல்றார். தாத்தா தியாகி இல்ல. வாய்க்கால் தண்ணித் தகராறு. மண்வெட்டியால அடிச்சார். ஆள் செத்துப் போயிட்டான்.”

அம்மா மரத்தில் கை வைத்துக்கொண்டு பேசினாள். முள் குத்தியிருக்கும், அவளுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

“அடிச்சது ஒரு நாள். அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் நட்டார். டிக்கெட் கிடைச்சதும் ஊர்ல இருந்த பொண்டாட்டியை வரச் சொல்லி ஆள் மூலமா சொல்லி அனுப்பினார். அவங்க வரல. ஒரு சிப்பாய் கையில ஒரு நார்த்தம்பழம் வந்துச்சு, வைக்கோல் சுத்தி, பாதி அழுகி. யார் கொடுத்துவிட்டாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அதைப் புதைச்சார், அதுதான் இது. அப்புறம் இங்கேயே ஒரு மராட்டாக் கைதிப் பொம்பளையைக் கல்யாணம் பண்ணி எடுத்தார். ஜப்பான்காரன் காலத்துல அரிசி இல்லாம ஜனங்க செத்தாங்க. அப்போ இந்த பாகீச்சா கிழங்கைத்தான் பஜார் பூரா தின்னுச்சு. நானும் இங்கேயே என்கூட வளர்ந்த மௌசியும்தான் தோண்டிக் கொடுத்தோம். எனக்கு வெக்கம் இல்ல அக்கா.”

“அப்போ நீங்க என்ன ஆளுக?” அந்த அம்மாவின் குரல் இறங்கிப் போயிருந்தது.

“லோக்கல். கைதிங்க வழியில இங்கயே பொறந்த எல்லாருக்கும் அந்த ஒரே பேர்தான். இங்க அவ்வளவுதான் கேப்பாங்க.”

அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சந்தில் வேகமாக நுழைந்து நடுவில் சிக்கிக்கொண்டு, ஓவர்சியர் வந்துதான் இழுத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அப்பா கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “அம்மா, இதுல எந்தக் காய் பறிக்கிற பதம்?” என்று கேட்டு, முந்தானையை ஏந்தினாள். கல்யாணம் கைவிட்டுப் போன நேரத்தில் கேட்கிற கேள்வியா? அதுதான் எங்கள் அக்கா.

மெயின்லேண்டில் கோபித்துக்கொண்டு போக பஸ் போதும். அந்தமானில் கோபத்துக்குக் கப்பல் வேண்டும். கடல் சரியில்லை, கப்பல் தள்ளிப்போகிறது என்று ஜெட்டியில் சொல்லிவிட்டார்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட அந்த அம்மா மாடியில், நாங்கள் கீழே. மூன்று வேளையும் அம்மா சாப்பாடு போட்டுக் கொடுப்பாள், நான் கொண்டுபோய் வைப்பேன். ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் தட்டு காலியாகத் திரும்பும், நார்த்தங்காய்த் துண்டு உட்பட. ஒரு சாயங்காலம் ஓவர்சியர் வந்து, “பஜார்ல பழைய ஆளுக எல்லாத்துக்கும் தெரியும்மா, எனக்கும் தெரியும்” என்று சொன்னதும், அவர் முதுகில் விழுந்த அடியும் பலகைத் தளம் வழியாகத் தெளிவாகக் கேட்டது.

அப்பா அம்மாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். அவரை அப்போது நான் கோழை என்று நினைத்தேன். பெற்றவர்கள் போன பிறகு பெரியப்பாதான் அவரைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அண்ணன் முகம் கோணினால் அப்பாவுக்குச் சோறு இறங்காது. அந்த ஒரு முகத்துக்காகத்தான் அத்தனை வருஷமும் அம்மாவைக் கதையில் ரயிலேற்றி வடக்கே அனுப்பி வைத்திருந்தார். மறைத்தால் அம்மாவைக் காப்பாற்றியதாக எண்ணிக்கொண்டார், பாவம். அம்மாவோ கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த பாகீச்சாவுக்கு, தன் பிறந்த வீட்டுக்கே, திருடி மாதிரி போய் வந்தாள்.

மாடியில் எத்தனை நாள்தான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது? அந்த அம்மா வெளியே நடக்க ஆரம்பித்தார். வழி தவறிவிடக் கூடாதே என்று அம்மா என்னைப் பின்னால் அனுப்பினாள். கால்கள் வேறு எங்கே போகும்? முதலில் பாகீச்சா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அடுத்த தடவை உள்ளே போனார். மௌசிக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு இந்தி தெரியாது. இரண்டு பேரும் சத்தமாகப் பேசினால் புரிந்துவிடும் என்று நம்பியவர்கள். மருதாணி எப்போது கிள்ளுவது, கிணறு எவ்வளவு ஆழம் என்று ஒருவர் கேட்க இன்னொருவர் வேறெதற்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவே அந்த அம்மா நார்த்தை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உச்சியையே பார்ப்பார்.

ஒரு நாள் மத்தியானம், தலையெல்லாம் இலைத்துணுக்கு, முழங்கை வரை முள் கீறல், அப்படியே எங்கள் அடுப்படிக்குள் வந்து நின்றார். அதற்கு முன்னால் அங்கே அவர் காலெடுத்து வைத்ததில்லை. கையிலிருந்த ஒரு கொத்துத் தழையைத் தரையில் போட்டார்.

“ஏ மதினி! தாத்தன் நட்ட மரம், தாத்தன் நட்ட மரம்னு அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசினியே. உச்சியில புல்லுருவி ஏறிக் கிடக்கு, உன் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? இன்னும் ஒரு வருசம் விட்டா மரத்தை உறிஞ்சித் தின்னுரும். ஏணி எங்க? அருவா எங்க?”

அம்மா அந்தத் தழையையே பார்த்தாள். “இதுவும் அந்த மரத்துக் கிளைன்னுதான் நினைச்சேன் அக்கா.”

“நல்லா நினைச்சே! கிளைக்கும் புல்லுருவிக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு பாகீச்சா!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தபோதுதான் ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. அவர்கள் பக்கத்தில் சம்பந்திக்காரிகள் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிடுவார்கள். ஓவர்சியர் சோப்பு வாங்குகிற சாக்கில் அக்காவுக்கு அதைச் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியாது. அவள் பாட்டுக்கு அரிவாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஓவர்சியர் ஏணியில் ஏறினார். அவர் அம்மா கீழேயிருந்து, “இடதுபக்கம், ஏல, இடதுபக்கம், உத்தியோகம் பாக்கான் கை தெரியலை” என்று அதட்டினார். அம்மாவும் மௌசியும் வெட்டி விழுந்ததை இழுத்துப் போட்டார்கள். சத்தம் கேட்டு அப்பா வந்து கதவருகே நின்றார். அந்த அம்மா முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்.

“இங்க வாங்க. கல்யாணம் எங்க ஊர்லதான். உங்க அண்ணாச்சியும் வருவாரு. தாலி கட்டுததுக்கு முன்னால அவரு முகத்தைப் பாத்து நீங்க சொல்லணும், உங்க வாயால. நான் சொல்ல மாட்டேன், மதினியும் சொல்லப்படாது.”

அப்பா இரண்டு எட்டு உள்ளே வந்தார்.

“எங்க ஊர்லயும் வாய்க்கா இருக்கு, மம்பட்டி இருக்கு. எங்க வீட்டுலயும் எவனாவது அடிச்சிருப்பான். பிடிபடலை, அவ்வளவுதான். என்ன ஆளுகன்னு எங்க சனம் கேக்கும். கேட்டா நான் பாத்துக்கிடுதேன். ஆனா பொய்யை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தா அது கூட யாரு குடும்பம் நடத்த?”

அப்பா குனிந்து, வெட்டி விழுந்த தழையை அள்ளத் தொடங்கினார். அடுத்த சில மாதங்கள் அக்காவின் கல்யாணம் அப்பாவின் நாக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அம்மா மெயின்லேண்டைப் பார்த்தது அந்தப் பயணத்தில்தான். கப்பல், அப்புறம் ரயில். வாழ்க்கையில் முதல் தடவையாக ரயிலைப் பார்த்து வாய் பிளந்த ரயில்வேக்காரர் மகளை நானும் அக்காவும் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். திருநெல்வேலியில் கல்யாண வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. அம்மா அதன் கரையில் வெகுநேரம் நின்றாள். தாத்தாவின் ஊர் எது என்று அவளுக்குத் தெரியாது. எந்த வாய்க்கால் என்றும் தெரியாது. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு வந்தாள்.

முகூர்த்தத்தன்று பெரியப்பா குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். வெளுத்த வேட்டி, விபூதி, தடித்த மூக்குக்கண்ணாடி. காலையிலிருந்து அப்பா அவர் பக்கத்தில் போவதும் வருவதுமாக இருந்தார். வாய் திறக்கவில்லை. ஐயர் நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். ஓவர்சியரின் அம்மா தாலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். தட்டைக் கேட்டவர்களிடம், “பொண்ணோட அப்பா ஒரு வார்த்தை சொல்லணுமாம்” என்றார். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். மணையில் அக்கா குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். அவள் கழுத்தில் வேர்வை ஓடுவது எனக்குத் தெரிந்தது. அம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அப்பா எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அண்ணனுக்கு முன்னால் அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார்.

“அண்ணே, இத்தனை வருஷமா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இவ ரயில்வேக்காரர் மக இல்ல. இவ தாத்தா கொலைக் கேசுல கைதியாப் போனவர். டிக்கெட் வாங்கி, தோட்டம் வச்சு, அங்கேயே செத்தவர். அந்தத் தோட்டத்துலதான் நான் இவளைப் பார்த்தேன். நான் அந்த ஊருக்குப் போன புதுசு, காய்ச்சல்ல விழுந்து கிடந்தேன். சோறு போட்டவ இவ. எல்லாம் தெரிஞ்சேதாண்ணே கட்டிக்கிட்டேன்.”

அப்பாவின் குரல் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள். சோறு போட்ட கதையை அப்பா எங்களுக்குச் சொன்னதே இல்லை.

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். எழுந்து நடந்தார். பெரியம்மாவும் பிள்ளைகளும் பின்னால் போனார்கள். அப்பா தடுக்கவில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஆனால் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். ஓவர்சியரின் அம்மா தட்டைத் தூக்கி ஐயரிடம் நீட்டி, “கொட்டச் சொல்லுங்க மேளத்தை” என்றார்.

தாலி கட்டி முடிந்து பந்தி போட்டார்கள். பெண் வீட்டில் மூத்தவர் என்று பெரியப்பாவுக்கு வரிசையின் தலைப்பில் முதல் இலை போட்டிருந்தார்கள். பரிமாறுகிறவர்கள் அதற்கு முன்னால் வந்து தயங்கி நின்றார்கள். எடுத்துவிடலாமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சொல்லாமலே நான் பட்டுப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு அந்த இலையின் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் தெளித்து, “போடுங்க” என்றேன். கைதியின் கொள்ளுப்பேத்திக்கு முதலில் பரிமாறினார்கள். அன்றைக்குப் பசித்த மாதிரி எனக்கு அப்புறம் என்றைக்கும் பசித்ததில்லை.